ஆட்டிசம் உள்ளவர்களுக்கான சிறு அறக்கட்டளை: பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது?

மதுரை நகரிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி பக்கங்களிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குச் சிறிய பகல்நேர மையம் நடத்துபவர்கள், நடத்த நினைப்பவர்கள், பணம் கொடுப்பவர்கள், பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வருமான வரிப் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை வேறு. ஆடிட்டரிடம் பழைய எண்ணைச் சொன்னாலே புரியும்.

மையத்தில் சேர்த்தால் பிள்ளை குணமாகிவிடுமா?

ஆட்டிசம் மருந்து கொடுத்துப் போக்கும் நோயல்ல. பிறவியிலேயே மூளை வளர்ச்சியில் இருக்கும் வேறுபாடு அது. ‘ஆறு மாதத்தில் சரியாக்கித் தருகிறோம்’ என்று சொல்லும் இடத்தில் பணம் கட்டாதீர்கள். ஸ்டெம்செல் ஊசிக்காக நகையை அடகு வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது.

அப்படியானால் மையத்தின் வேலைதான் என்ன?

தனக்கு வேண்டியதைச் சொல்லவும், கழிப்பறைக்குத் தானாகப் போய்வரவும், உடை மாற்றவும், சத்தம் தாங்க முடியாதபோது ஒதுங்கிக்கொள்ளவும் பிள்ளைக்குக் கற்றுத்தருவது. கூடவே, வீட்டையும் பள்ளியையும் பிள்ளைக்கு ஏற்ப மாற்றப் பெரியவர்களுக்குக் கற்றுத்தருவது. இரண்டாவது இல்லாமல் முதலாவது நிலைக்காது.

ஒன்றை மட்டும் விரிவாகப் பார்ப்போம். பேச்சு வராத ஆறு வயதுப் பையன் தாகமெடுத்தால் அம்மா கையைப் பிடித்து இழுப்பான், புரியாவிட்டால் தரையில் தலையை முட்டுவான். தண்ணீர்ப் படம் ஒட்டிய அட்டையை எடுத்துக் கொடுக்க அவனுக்குப் பழக்குவதற்கு, முதல் கட்டத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டம்ளரோடு எதிரில் உட்கார வேண்டும், வாய் திறக்கக் கூடாது. இன்னொருவர் பையனுக்குப் பின்னால் இருந்து, அவன் கை டம்ளரை நோக்கி நீளும் நேரம் பார்த்து, அந்தக் கையாலேயே அட்டையை எடுக்கவைத்து எதிரில் இருப்பவர் உள்ளங்கையில் வைக்கச் செய்ய வேண்டும். அட்டை வந்தவுடன் ‘தண்ணி’ என்று ஒரே சொல், உடனே தண்ணீர். நாளாக ஆகப் பின்னால் இருப்பவர் தன் பிடியைத் தளர்த்திக்கொண்டே வருவார், கடைசியில் தொடவே மாட்டார். எதிரில் இருப்பவர் ‘என்ன வேணும்?’ என்று கேட்டுவிட்டால் காரியம் கெட்டது. அதன்பின் பையன் யாராவது கேட்கும்வரை காத்திருப்பான், தானாகக் கேட்கமாட்டான்.

ஆள் பற்றாத மையத்தில் ஒரே ஆசிரியர் இந்த இரண்டு வேலையையும் செய்யப் பார்ப்பார், பையன் மாதக்கணக்கில் அதே இடத்தில் நிற்பான். கீழே பணத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் இந்த இரண்டாவது ஆளை வேலையில் வைத்திருப்பதற்காகத்தான்.

ஒரு சிறு மையத்துக்கு மாதம் எவ்வளவு ஆகும்?

கணக்குப் புரிவதற்காக ஒரு மாதிரி போடுவோம். 20 பிள்ளைகள், வாரம் ஐந்து நாள், வாடகைக் கட்டடம்:

சிறப்பாசிரியர்கள் 4 பேர், தலா 18,000: 72,000
உதவியாளர்கள் 2 பேர், தலா 11,000: 22,000
பேச்சுப் பயிற்சியாளர், மாதம் 8 நாள்: 12,000
தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்), மாதம் 8 நாள்: 12,000
வாடகை: 25,000
வேன், டிரைவர், டீசல்: 22,000
மின்சாரம், தண்ணீர், இணையம்: 6,000
பயிற்சிப் பொருட்கள்: 5,000
கணக்கெழுதுதல், தணிக்கை: 5,000
சுத்தம், முதலுதவி, சில்லறை: 4,000
போனஸ், விடுப்பு, பணிக்கொடைக்கு ஒதுக்கீடு: 15,000

மொத்தம் 2,00,000. ஒரு பிள்ளைக்கு மாதம் 10,000 ரூபாய். கே.கே.நகர், அண்ணாநகர் பக்கம் வாடகை கூடும், திருமங்கலத்தில் குறையும். ஆனால் வெளியூரில் வேன் செலவு ஏறி அந்த மிச்சத்தைத் தின்றுவிடும்.

பலர் விட்டுவிடுவது பட்டியலின் கடைசி இனத்தைத்தான். தீபாவளி போனஸ் மாதத்தில் கையைப் பிசைவதும், ஐந்தாண்டு வேலை பார்த்த ஆசிரியர் விலகும்போது பணிக்கொடைக்குக் கடன் வாங்குவதும் அந்த ஒதுக்கீடு இல்லாததால்தான்.

சம்பளத்துக்கே பாதிக்கு மேல் போகிறதே, இது நியாயமா?

நியாயம்தான், இன்னும் கூடுதலாகப் போனாலும் தவறில்லை. மாதிரிக் கணக்கில் ஆசிரியர், உதவியாளர், சிகிச்சையாளர் செலவு 1,18,000, அதாவது 59 சதவீதம். கண் மருத்துவமனைக்குக் கருவி வேண்டும், அன்னதானத்துக்கு அரிசி வேண்டும். இங்கே கொடுக்கப்படும் பொருளே பயிற்சி பெற்ற ஒருவரின் நேரம்தான். ‘என் பணம் சம்பளத்துக்குப் போகக் கூடாது, பிள்ளைகளுக்குத்தான் போக வேண்டும்’ என்று நன்கொடையாளர் சொல்வது நல்ல மனதோடுதான். ஆனால் அப்படிச் சொல்லும்போது பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியதையே நிறுத்தச் சொல்கிறார்.

சிறப்பாசிரியருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும், அது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கட்டாயம். பதிவுள்ளவர் கிடைப்பது கடினம். கிடைத்தவரை 10,000 ரூபாய்க்கு வைத்திருந்தால் ஒரு வருடத்தில் பெரிய தனியார் பள்ளிக்குப் போய்விடுவார். புது முகத்துக்குப் பழக ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வாரங்கள் ஆகும், கற்ற பழக்கங்கள் சில பின்வாங்கவும் செய்யும். சம்பளத்தில் மிச்சம் பிடித்த 8,000 ரூபாயை இப்படிப் பிள்ளையின் நேரமாகத் திருப்பிக் கொடுக்க நேர்கிறது.

பெற்றோரிடம் கட்டணம் வாங்கலாமா? அறக்கட்டளை என்றால் இலவசம்தானே?

வாங்கலாம், அறநிறுவனத்துக்குச் சட்டத் தடை இல்லை. வருமானத்தைப் பார்த்து மூன்று படியாக வைப்பது நல்லது. மாதிரியில் 5 குடும்பம் தலா 6,000, 9 குடும்பம் தலா 2,500, 6 குடும்பம் இலவசம் என்றால் மாதம் 52,500 வரும். மீதி 1,47,500 நன்கொடையிலிருந்து வர வேண்டும், ஆண்டுக்கு 17,70,000.

யார் எந்தப் படி என்பதை நிர்வாகி மட்டும் முடிவு செய்யக் கூடாது. ரேஷன் அட்டை, சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஆகியவற்றைப் பார்த்து இரண்டு அறங்காவலர்கள் கையெழுத்திட வேண்டும், ஆண்டுக்கொரு முறை மறுபரிசீலனை வேண்டும். எந்தக் குடும்பம் எவ்வளவு கட்டுகிறது என்பது வகுப்பாசிரியருக்குக்கூடத் தெரியத் தேவையில்லை. சித்திரைத் திருவிழாவும் கோடை விடுமுறையும் சேரும் ஏப்ரல், மே மாதங்களில் வரவு குறையும், கட்டணம் பாக்கி விழும். சம்பளம் நிற்காது. மூன்று மாதச் செலவை, மாதிரியில் 6,00,000 ரூபாயை, வைப்புத்தொகையாக வைத்திருப்பது இதற்காகத்தான்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு மையத்தில் சாப்பாடு போட விரும்புகிறோம். வரலாமா?

மதுரையில் நன்கொடை என்றாலே முதலில் வருவது இதுதான். முன்கூட்டிப் பேசிவிட்டு வாருங்கள். இருபது பேர் கேக், பலூன், மைக்கோடு வந்து கைதட்டிப் பாடினால் பாதிப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போவார்கள். பலூன் ஒன்று வெடித்தால் அன்றைய நாள் முடிந்தது. பல பிள்ளைகள் சாதம் குழைந்திருந்தால் தொடமாட்டார்கள், குழம்பும் பொரியலும் ஒன்றோடொன்று பட்டால் தட்டைத் தள்ளிவிடுவார்கள். அது பிடிவாதம் அல்ல. தொடுஉணர்வும் சுவையும் அவர்களுக்கு அவ்வளவு கூர்மை.

குடும்பத்தில் இரண்டு பேர் மட்டும், மைய வழக்கப்படி, பதினைந்து நிமிடம் வந்து போவது போதும். பிள்ளைகளின் முகம் தெரியும்படி படம் எடுக்க வேண்டாம். பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் மையமும் அதை அனுமதிக்கக் கூடாது. சாப்பாட்டுக்கு ஒதுக்கிய 5,000 ரூபாயைப் பணமாகக் கொடுத்தால் பேச்சுப் பயிற்சியாளரின் மூன்று நாள் ஊதியத்தைத் தாண்டும். பழைய துணி, உடைந்த பொம்மை வேண்டாம்.

மாதாமாதம் 500 ரூபாய் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லிவைப்பது எல்லாவற்றையும்விடப் பயன்தரும். மாதிரி மையத்தின் பற்றாக்குறையை அடைக்க அப்படி 295 பேர் போதும்.

80ஜி ரசீது எப்படிக் கிடைக்கும்? ஏன் சில நேரம் வரிச்சலுகை கிடைக்காமல் போகிறது?

அறக்கட்டளைக்கு 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் பிரிவு) ஒப்புதல் இருந்தால், கொடுத்த தொகையில் 50 சதவீதத்தை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். தகுதியுள்ள நன்கொடைக்கு மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் என்ற வரம்பு உண்டு. பழைய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை, புதிய முறையில் இல்லை. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செல்லாது. அரிசி மூட்டை, நாற்காலி, ஏசி போன்ற பொருளுக்கும் செல்லாது.

கையெழுத்திட்ட ரசீது மட்டும் போதாது. அறக்கட்டளை ஒவ்வோர் ஆண்டும் மே 31க்குள் 10பிடி படிவத்தில் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித் துறைக்கு அனுப்பி, அதிலிருந்து வரும் 10பிஇ சான்றிதழைத் தர வேண்டும். தாமதத்துக்கு நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது: ஜிபேயில் 3,000 ரூபாய் வந்திருக்கும், பெயர் இடத்தில் வெறும் கைப்பேசி எண் இருக்கும், பான் எண் இருக்காது, மே மாதக் கடைசியில் யாரென்றே தெரியாது. கல்யாண மொய் நோட்டில் ஊர், பெயர், தொகை எழுதும் அதே கறாரோடு, பணம் வந்த அன்றே பெயர், முகவரி, பான் கேட்டு எழுதிவிட வேண்டும்.

கியூஆர் அட்டை அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். நிர்வாகியின் சொந்த எண்ணுக்கு வாங்கிப் ‘பிறகு மாற்றிவிடுகிறேன்’ என்பது எவ்வளவு நல்லவர் செய்தாலும் தவறு. வாசலில் உண்டியல் வைப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: பெயர் தெரியாத நன்கொடை ஆண்டுக்கு 1,00,000 ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இவற்றில் எது கூடுதலோ அதைத் தாண்டினால் மிகுதிக்கு 30 சதவீத வரி.

சிங்கப்பூரில் சித்தப்பா இருக்கிறார், துபாயில் மச்சான் இருக்கிறார். அவர்கள் அனுப்பலாமா?

எந்த நாட்டில் இருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, எந்தப் பாஸ்போர்ட் என்று கேளுங்கள். மச்சானிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நிதி ஆகாது. பாஸ்போர்ட் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள். சித்தப்பா சிங்கப்பூர் குடியுரிமை பெற்றிருந்தால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நிதிதான். மதுரையில் இருக்கும் அண்ணன் கணக்குக்குப் போட்டு அங்கிருந்து அறக்கட்டளைக்கு மாற்றினாலும் சட்டம் அதை வெளிநாட்டு நிதியாகவே பார்க்கும்.

அதை வாங்க 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவு வேண்டும். அதற்கு அறக்கட்டளை மூன்றாண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்றாண்டில் தன் பணிக்கு 15,00,000 ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். பணம் முதலில் டெல்லி ஸ்டேட் வங்கித் தலைமைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் வரும். அதில் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவில்லாத சிறு மையம் ‘ஒரு தடவைதானே’ என்று வாங்கிக்கொள்வது முழு நிறுவனத்தையும் ஆபத்தில் தள்ளும். வேண்டாம்.

புதிதாகத் தொடங்க எந்த வரிசையில் பதிவுகள் செய்ய வேண்டும்?

முதலில் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம். சங்கமாகத் தொடங்கினால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் வேண்டும். ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளருக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் பல ஆண்டுகள் விட்ட சங்கங்கள் பின்னால் அலைகின்றன.

பத்திர வாசகத்தில் அவசரம் வேண்டாம். மூன்று விஷயங்கள் அதில் இல்லாவிட்டால் பின்னால் திருத்தப் பத்திரம் போட நேரும்: திரும்பப் பெற முடியாத அறக்கட்டளை என்ற வாசகம், கலைத்தால் சொத்து ஒத்த நோக்கமுள்ள வேறு அறநிறுவனத்துக்குப் போகும் என்ற வாசகம், பயனாளிகள் பதினெட்டு வயதோடு நின்றுவிடாமல் ‘குழந்தைகளும் பெரியவர்களும்’ என்ற சொல். பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

அடுத்து பான், இருவர் கையெழுத்துள்ள வங்கிக் கணக்கு, நிதி ஆயோக்கின் தர்பன் எண் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசு இணையதளப் பதிவு எண்). பிறகு 10ஏ படிவத்தில் 12ஏபி (அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குப் பெறுவதற்கான பிரிவு), 80ஜி தற்காலிகப் பதிவு. அது மூன்றாண்டுக்குத்தான். முடிவதற்கு ஆறு மாதம் முன்னரோ, பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள் 10ஏபி படிவம் போட வேண்டும். ‘மூன்று வருடம் இருக்கிறதே’ என்று இருந்துவிடுபவர்கள்தான் மிகுதி.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இயங்கக் கூடாது. ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தொடங்குங்கள். கட்டட உறுதி, தீயணைப்பு, சுகாதாரச் சான்றுகளும் பணியாளர் தகுதிச் சான்றுகளும் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே வீட்டுக்காரரிடம் இந்தச் சான்றுகளுக்கு ஒத்துழைப்பாரா என்று கேட்டுவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்தபின் கேட்டால் பயனில்லை.

அரசு மானியமும் கம்பெனி சிஎஸ்ஆர் பணமும் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் தொகை) வந்தால் போதாதா?

அவற்றை நம்பிச் சம்பளப் பட்டியல் போடக் கூடாது. மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டம் போன்றவற்றில் செலவழித்தபின்தான் பணம் வரும், தாமதமாகவும் வரும். சிஎஸ்ஆருக்குச் சிஎஸ்ஆர்-1 படிவப் பதிவும் 12ஏபி, 80ஜியும் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். கம்பெனிகள் பெரும்பாலும் ஓராண்டுத் திட்டமாகத்தான் தருகின்றன, பெயர்ப் பலகை வைக்கத் தோதான பொருளை விரும்புகின்றன. விண்ணப்பத்தில் சிறப்பாசிரியர் ஊதியத்தைத் ‘திட்டச் செலவு’ என்று தெளிவாகக் காட்டுங்கள், அது நிர்வாகச் செலவல்ல. வேன் வாங்கித் தருகிறோம் என்றால் டீசலும் டிரைவரும் காப்பீடும் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேளுங்கள்.

மையம் சேர்க்கையின்போது கேட்கும் சான்றுகள் எதற்கு?

உங்கள் உரிமைகளை வாங்கித் தருவதும் மையத்தின் பணியில் பாதி. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, ராஜாஜி அரசு மருத்துவமனையிலோ மாவட்ட முகாமிலோ மதிப்பீட்டுக்குப் போக வேண்டும். 40 அம்சங்கள் கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். பாதிப்பு 40 சதவீதம் என்று வந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். அறிமுகமில்லாத அறையில் பிள்ளை பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்துவிட்டால் மதிப்பெண் குறையக்கூடும். வீட்டில் சாப்பிடும்போது, அடம்பிடிக்கும்போது, வெளியே போகும்போது எடுத்த சிறு வீடியோக்களைக் கைப்பேசியில் கொண்டுபோங்கள்.

அட்டை வந்ததும் தேசிய அறக்கட்டளை என்ற மத்திய அரசு அமைப்பின் நிராமயா மருத்துவக் காப்பீடு எடுங்கள். ஆண்டுக்கு 1,00,000 ரூபாய் வரை, சிகிச்சைப் பயிற்சிகளுக்கும் ஒரு பகுதி கிடைக்கும். நீங்கள் முதலில் செலவழித்து ரசீது கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். பதிவெண், தேதி, பிள்ளையின் பெயர் இல்லாத ரசீதுகள் திரும்பிவிடும், ஆகவே மையத்திடம் முறையான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். வரி கட்டும் பெற்றோர் பழைய வரி முறையில் 80டிடி பிரிவின்கீழ் 75,000 ரூபாய், பாதிப்பு 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000 ரூபாய் கழிக்கலாம்.

எங்கள் காலத்துக்குப் பிறகு பிள்ளையை அறக்கட்டளை பார்த்துக்கொள்ளுமா?

பகல்நேர மையம் அந்த வாக்கைத் தர முடியாது. பத்து லட்சம் கட்டினால் ஆயுள் முழுக்கப் பொறுப்பு என்று யாராவது சொன்னால், அந்தப் பணம் எங்கே முதலீடாகிறது, ஆள் ஒருவருக்கு மாதச் செலவு எவ்வளவு, விலைவாசி ஏறினால் என்ன செய்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

இப்போதே செய்யக்கூடியவை உண்டு. பதினெட்டு வயது முடிந்தால் பெற்றோர் தானாகவே சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. வங்கியில் கணக்குத் திறக்கும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். உயில் எழுதும்போது சொத்தைப் பிள்ளையின் பெயருக்கு நேராக எழுதுவதைவிட, நம்பிக்கையான இருவரைப் பொறுப்பாக்கித் தனி அறக்கட்டளை மூலம் எழுதுவது பாதுகாப்பு. வக்கீலிடம் பேசுங்கள்.

கணக்கு நேராக இருக்கிறதா என்று வெளியாள் எப்படிப் பார்ப்பது?

கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். வரவில் 85 சதவீதம் அந்த ஆண்டிலேயே பணிக்குச் செலவாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் எதற்காகச் சேமிக்கிறார்கள் என்று வருமான வரித் துறைக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதைப் பாருங்கள். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு வரிக் கணக்கில் ஏற்கப்படாது, ஆகவே சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். கட்டடம் அறங்காவலருக்கே சொந்தமா, வாடகை அந்தத் தெருவின் நடப்பு வாடகைதானா என்றும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படாமல் காகிதத்தை எடுத்துக் காட்டுபவர்களிடம் பணம் கொடுங்கள்.

நடத்த முடியாமல் மூட நேர்ந்தால்?

கையிருப்பு இரண்டு மாதச் செலவுக்குக் கீழே போனதுமே அறங்காவலர் கூட்டம் போட்டுப் பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். கடைசி மாதம் வரை மறைத்தால் பிள்ளைகள் நடுவாண்டில் இடமில்லாமல் நிற்பார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கோப்பையும் (மதிப்பீடு, கற்ற பழக்கங்கள், எதற்குப் பயப்படுவான், எந்த அட்டைகளைப் பயன்படுத்துகிறான்) பெற்றோர் கையில் ஒரு நகலாகக் கொடுங்கள். அட்டைகளையும் வீட்டுக்கே கொடுத்துவிடுங்கள். சம்பள பாக்கி, பணிக்கொடை முடித்தபின் மீதிச் சொத்து பத்திரத்தில் சொன்னபடி ஒத்த நோக்கமுள்ள, வரிப் பதிவுள்ள அறநிறுவனத்துக்குப் போக வேண்டும். கலைத்து ஓராண்டுக்குள் அப்படி மாற்றாவிட்டால் நிகரச் சொத்து மதிப்புக்கு உச்ச விகிதத்தில் வரி விழும். வேனை விற்பது, வாடகை அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது எல்லாம் இருவர் கையெழுத்தோடு அந்த வங்கிக் கணக்கு வழியாகவே நடக்க வேண்டும். கணக்கைக் கடைசியில்தான் மூட வேண்டும்.